படம் எப்படி?

கொட்டகையை விட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

"பிரமாதம்" என்கிறார் ஒருவர். "ஒரே அறுவை" என்கிறார் இன்னொருவர். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பமே வீடு திரும்பிவிடுகிறது.

1954-ம் ஆண்டு "அந்த நாள்" படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் நடித்தார். எஸ்.பாலசந்தர் டைரக்ட் செய்தார். அதில் பாட்டே கிடையாது. பாட்டை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். வசூல் குறைந்தது. இன்றோ, தமிழின் சிறந்த படங்களில் ஒன்று என்று அதைப் புகழ்கிறார்கள்.

2003-ல் வந்த "அன்பே சிவம்" படத்துக்கும் இதே கதிதான். தியேட்டரில் ஓடவில்லை. பிறகு டெலிவிஷனில் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள்.

படம் பிடிக்கவில்லை என்று சொல்வது தவறு அல்ல. காசு கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால், என்ன பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் குறையாகத் தெரிவது, இன்னொருவருக்கு நிறையாக இருக்கலாம்!