சளிக்காய்ச்சலும் கல்லீரல் நோயாளிகளும்

இன்ஃப்ளூயன்சா, கோவிட் போன்ற தொற்றுகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே குன்றியிருக்கும். வைரஸைத் தொடர்ந்து பாக்டீரியா நிமோனியாவும் எளிதில் பற்றிக்கொள்ளும். அதுவரை சமாளித்துவந்த கல்லீரல் இந்த அழற்சியில் தடுமாறும். வயிற்றில் நீர் கோக்கும், கண் மஞ்சளாகும், இரவில் தூக்கம் கெட்டுப் பகலில் பேச்சு குழறும். அதைக் காய்ச்சல் மயக்கம் என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரைகளும் கவனத்துக்குரியவை. சிரோசிஸ் நோயாளிக்குப் பாராசிட்டமால் பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மி.கி. மாத்திரை மூன்று போட்டாலே ஏறக்குறைய அந்த எல்லை வந்துவிடும். கூடவே போடும் சளி மாத்திரை பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும். தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்து மூளைக் குழப்பத்தைக் கூட்டும்.

இந்நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் போட்டுக்கொள்பவர்கள் குறைவு. கல்லீரல் சிகிச்சைப் பிரிவுகள் இவற்றை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும்.