மூணு வருஷம் காலில்லாம கிடந்த வுல்வரின்

ஹல்க், வுல்வரினைப் பிடிச்சு ரெண்டா கிழிச்சுப் போட்டுடறார். பேச்சுக்குச் சொல்லலை மக்களே, நிஜமாவே ரெண்டா. இடுப்புக்கு மேல ஒரு பக்கம், கால் ரெண்டும் எங்கேயோ மலை மேல. மனுஷன் கையாலயே ஊர்ந்து ஊர்ந்து தன் காலைத் தானே பொறுக்கக் கிளம்புறார். 'அல்டிமேட் வுல்வரின் வெர்சஸ் ஹல்க்' இப்படித்தான் ஆரம்பிக்கும். மொத்தமே ஆறு இதழ்தான். நான் இதைத் தொகுப்பா, ஒரே புத்தகமா, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவுல படிச்சு முடிச்சேன். செம ஜாலி.

அப்புறம்தான் இதழ்கள் வந்த தேதியைத் தேடிப் பார்த்தேன். முதல் இதழ் 2005 டிசம்பர். ரெண்டாவது 2006 பிப்ரவரி. மூணாவது... 2009 மார்ச்!

மூணு வருஷம். நான் நாலு பக்கத்துல தாண்டிப்போன இடத்துல, அன்னைக்கு மாசாமாசம் கடைக்குப் போய் வாங்கினவன் மூணு வருஷம் நின்னிருக்கான்.

காரணம் ரொம்ப சிம்பிள். கதை எழுதினவர் டேமன் லிண்டலாஃப். 'லாஸ்ட்' டிவி தொடரை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். அந்த வேலை தலைக்கு மேல போயிட்டிருந்த நேரத்துல இதையும் ஒத்துக்கிட்டார். ரெண்டுல எது ஜெயிக்கும்னு நான் சொல்லணுமா? ஸ்கிரிப்ட் வரலை. ஓவியர் லெய்னில் யூ பாவம், எத்தனை நாள் பென்சிலைச் சீவிக்கிட்டு உட்கார முடியும்? அவர் போய் 'நியூ அவெஞ்சர்ஸ்' வரைஞ்சார். 2008ல 'சீக்ரெட் இன்வேஷன்' மொத்தத்தையும் வரைஞ்சு முடிச்சார். திரும்பி வந்து பார்த்தா வுல்வரின் அதே மலையில அதே மாதிரி கிடக்கார்.

இது என்னவோ ஒரு தடவை நடந்த விபத்துன்னு நினைச்சுடாதீங்க. இதுக்கு முன்னோடி கெவின் ஸ்மித். 'கிளர்க்ஸ்' படம் எடுத்தவர். 1998ல டேர்டெவில் எழுத வந்து அந்தப் புத்தகத்தையே தூக்கி நிறுத்தினார், அதை மறுக்கவே முடியாது. அந்த மரியாதையில 2002ல 'ஸ்பைடர்மேன் / பிளாக் கேட்' குடுத்தாங்க. மூணு இதழ் வந்துச்சு. கதையை அந்தரத்துல தொங்க விட்டுட்டு ஆள் காணோம். நாலாவது இதழ் வந்தது 2005 கடைசியில. அதே காலகட்டத்துல அவர் ஆரம்பிச்ச 'டேர்டெவில்: டார்கெட்' இன்னும் மோசம். ஒண்ணாம் இதழ் வந்துச்சு. ரெண்டாம் இதழ் இன்னைக்கு வரைக்கும் வரலை. இனிமே வரும்னு நம்புறவங்க கையைத் தூக்கலாம் :-)

ஸ்ட்ராசின்ஸ்கி எழுதின 'தி ட்வெல்வ்' பன்னிரண்டு இதழ். 2008ல எட்டு வந்துச்சு, மிச்ச நாலு 2012ல. அதே ஆளு 2010ல சூப்பர்மேன், வொண்டர் வுமன் ரெண்டையும் கையில எடுத்தார். சூப்பர்மேனை அமெரிக்கா முழுக்க நடக்க விடப்போறேன்னார். பாதி தூரம் நடக்க வச்சுட்டு ரெண்டுல இருந்தும் கழண்டுக்கிட்டார். மீதி நடையை இன்னொரு எழுத்தாளர் நடத்தி முடிச்சார்.

இங்கே ஒண்ணு சொல்லிடறேன். ஓவியர் லேட் பண்றதும் எழுத்தாளர் லேட் பண்றதும் என் கணக்குல ஒண்ணு கிடையாது. ஒரு இதழுக்கு இருபது, இருபத்திரண்டு பக்கம். நல்ல ஓவியருக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தாலே பெருசு. கொஞ்சம் நுணுக்கமா வரையற ஆளா இருந்தா மாசாமாசம் ஒரு இதழ்ங்கிறது உடம்பு தாங்காத கணக்கு. 2006ல 'சிவில் வார்' தள்ளிப்போனது ஸ்டீவ் மெக்நிவனோட பக்கங்களுக்காகத்தான். அதோட சேர்ந்து அதைச் சார்ந்த புத்தகங்களும் வரிசையா தள்ளிப்போச்சு. எரிச்சல்தான், ஆனா புரிஞ்சுக்க முடியுது. ஆனா எழுத்தாளர் காணாமப் போறது வேற. அவர் வரிசையில முதல் ஆள். அவருக்குப் பின்னாடி பென்சில், இங்க், கலர், எழுத்துப் பொறிக்கிறவர்னு ஒரு ஊரே நிக்குது. பெரும்பாலும் பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற ஃப்ரீலான்ஸ் ஆளுங்க. ஸ்கிரிப்ட் வந்தாதான் பக்கம், பக்கம் வந்தாதான் வாடகை.

இதை நான் ரொம்ப நியாயஸ்தன் மாதிரி சொல்லிக்கிட்டிருக்கேன். உண்மையைச் சொல்லிடறேன். போன பிராஜெக்ட்ல ஒரு டிசைன் டாக்குமெண்ட் வியாழக்கிழமை தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். குடுத்தது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் முழுக்க இன்னொரு டீமோட 'முக்கியமான' ஆணி ஒண்ணைப் புடுங்கிக்கிட்டிருந்தேன், அதுல பேரு கிடைக்கும்ங்கிறதால. ரிலீஸ் தேதி நகரலை. எனக்கு ஒண்ணும் ஆகலை. டெஸ்டிங்ல இருந்த பொண்ணு பொங்கலுக்கு ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை கேக்கலை. ரிலீஸ் ஆனதும் வந்த பாராட்டு மெயில்ல முதல் பேர் என்னுது. லெய்னில் யூ கதையைப் படிச்சப்போ எனக்கு அந்த மெயில்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அமெரிக்காவுல இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் விக்கிறது காமிக்ஸுக்குன்னே இருக்கிற சின்னக் கடைகள்ல. கடைக்காரர் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, கேட்டலாக்ல ரெண்டு வரி விளம்பரத்தைப் பார்த்து, எத்தனை காப்பி வேணும்னு சொல்லணும். விக்கலைன்னா பொதுவா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. அவர் என்ன பார்த்து ஆர்டர் போடுவார்? பேரைப் பார்த்து. 'கெவின் ஸ்மித் எழுதறார்'னா கூட பத்து காப்பி. கதை பாதியில நின்னா, மிச்சம் கிடக்கிற ஒண்ணாம் இதழ் அவர் தலையில. அந்த மாசத்துக்கு நம்பியிருந்த வியாபாரமும் போச்சு. மூணு வருஷம் கழிச்சு அடுத்தது வரும்போது, வாங்க வேண்டிய பையன் காலேஜ் முடிச்சு வேற ஊருக்குப் போயிருப்பான். பதிப்பகத்துக்கு இது ஒரு புத்தகம், கடைக்காரருக்கு முதல்.

"நல்ல படைப்புக்கு நேரம் ஆகத்தான்யா செய்யும், தொகுப்பா வந்தப்புறம் யாருக்கு லேட் ஞாபகம் இருக்கு?"ன்னு ஒரு கட்சி உண்டு. இதுல உண்மை இருக்கு. மார்க் மில்லர், பிரையன் ஹிட்ச் கூட்டணியோட 'அல்டிமேட்ஸ்' லேட்டுக்குப் பேர் போனது. ரெண்டு பாகம், சேர்த்து இருபத்தாறு இதழ், 2002ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் இழுத்துச்சு. ஆனா 2012ல வந்த அவெஞ்சர்ஸ் படத்துல அதோட சாயல் அப்படியே இருக்கு. நானும் தொகுப்பாத்தான் படிச்சேன், பிரமிச்சுதான் போனேன். ஆனா ஒண்ணு யோசிங்க. தொகுப்பு வர்ற வரைக்கும் அந்தப் புத்தகத்தை உயிரோட வச்சிருந்தது யாரு? மாசாமாசம் கடைக்குப் போய் "வந்துச்சா?"ன்னு கேட்டு வெறுங்கையோட திரும்பினவன். அவன் காத்திருந்தான், நான் சொகுசா படிச்சேன்.

முடியாத காரியமும் கிடையாது. அதே மார்வெல், அதே அல்டிமேட் வரிசையில பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' பண்ணாங்க. 2000ல இருந்து 2007 வரைக்கும் தொடர்ந்து 111 இதழ். கணக்குப் போட்டுப் பாருங்க, மாசத்துக்கு ஒண்ணைவிட அதிகம்! ஸ்டான் லீ, ஜாக் கிர்பி கூட்டணி ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல வச்சிருந்த 102 இதழ் சாதனையைத் தாண்டினாங்க. வுல்வரின் காலைத் தேடிக் கிடந்த அதே 2006ல டிசி காமிக்ஸ் '52'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. வாராவாரம் ஒரு இதழ், ஒரு வருஷத்துக்கு. நாலு எழுத்தாளர்கள். ஒரு வாரம்கூடத் தவறலை.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஜெஃப் ஜான்ஸ். இந்த இடத்துலதான் எனக்குச் சொந்தக் கடுப்பு. 2017 நவம்பர்ல அவரும் கேரி ஃபிராங்கும் 'டூம்ஸ்டே கிளாக்' ஆரம்பிச்சப்போ நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பன்னிரண்டு இதழ், மாசாமாசம், ஒரு வருஷத்துல முடியும்னாங்க. மொபைல்ல காசு குடுத்து, இதழ் இதழா வாங்கினேன். மாசம் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் அதுவும் தள்ளிச்சு. கடைசி இதழ் 2019 டிசம்பர்ல வந்தப்போ நான் டிகிரி வாங்கி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். கொடுமை என்னன்னா, அந்தக் கதை மத்த டிசி புத்தகங்களைவிட ஒரு வருஷம் முன்னால நடக்கிற மாதிரி அமைச்சது. அதெல்லாம் மெதுவா வந்து இதோட சேரணும்னு திட்டம். இது முடியறதுக்குள்ள மத்ததெல்லாம் வேற பாதையில போயிடுச்சு. முடிவு நல்ல முடிவு, சத்தியமா. ஆனா அதைப் பேச பக்கத்துல ஆள் இல்லை. ஹாஸ்டல்ல என்கூடச் சேர்ந்து முதல் இதழைப் படிச்ச நாலு பேரும் நாலு ஊர்ல. குரூப்ல "முடிஞ்சுடுச்சுடா"ன்னு போட்டேன். ஒருத்தன் மட்டும் "எது?"ன்னு கேட்டான்.

எழுத்தாளர்களைத் திட்டி மட்டும் புண்ணியம் இல்லைன்னு நினைக்கிறேன். சினிமாக்காரருக்குச் சினிமாதான் முதல் சோறு, அது தெரிஞ்சுதானே கூப்பிடறாங்க? பெரிய பேருக்கு ஆசைப்பட்டு, கையில ரெண்டு ஸ்கிரிப்டை வச்சுக்கிட்டு ஆறு இதழ்னு விளம்பரம் பண்ற எடிட்டர் மேலதான் எனக்குக் கோபம். ஆறு இதழ் கதைன்னா ஆறு ஸ்கிரிப்டும் மேஜைக்கு வரட்டும், அப்புறம் முதல் இதழை அறிவிங்க. வராட்டி அறிவிக்காதீங்க. மாசாமாசம் ஓடுற புத்தகத்துக்கு இது சரிப்படாது, ஒத்துக்கறேன். குறுந்தொடருக்கு என்ன கேடு? ரெண்டு காலாண்டுக்கு விளம்பரத்துல ஒரு பேர் குறையும், அவ்வளவுதானே?

டிஸ்கி: "பேட்மேனும் நானும் - பாகம் 1"னு போன வருஷம் நான் போட்ட பதிவுக்கு ரெண்டாம் பாகம் எங்கேன்னு பின்னூட்டத்துல கும்மப் போறீங்கன்னு தெரியும். டிராஃப்ட்ல எட்டு வரி இருக்கு. இந்தத் தடவை முழுசா எழுதி முடிச்சுட்டுத்தான் தேதி சொல்வேன்.