முச்சை கட்டத் தெரியாத கல்வி

கைவேலை என்பது படிப்பிலே தோற்றவனுக்கு உரியது என்னும் எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இதனைப் பெற்றோரின் அறியாமையெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1953 இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளையை அரைநாள் பாடசாலையிலும் மிகுதிப் பொழுது தந்தையின் தொழிலிலும் விட முனைந்தது. குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டு அது 1954 இல் கைவிடப்பட்டது, நியாயமே. எமது நாட்டில் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் புகுத்திய தொழில் முன்னிலைப் பாடங்களையும் பெற்றோர் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அவையும் மறைந்தன. தச்சன் மகனுக்கு உளி, உத்தியோகத்தன் மகனுக்கு ஏடு என்ற பிரிவினையை எதிர்க்கப் புகுந்தோர் உளியையே எதிர்த்துவிட்டனர்.

வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் வடபுலத்துச் சிறுவன் பட்டங் கட்டுவதை நோக்குக. மூங்கிலை நார் ஓடும் வழியே பிளக்கிறான். சீவிய சிலாகையை விரல்மேல் நிறுத்திப் பார்த்து, சாயும் புறத்தை மீண்டுஞ் சீவுகிறான். முச்சைக் கயிறு ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். வினாத்தாளிற் செய்த பிழையை ஆசிரியர் சொல்லித்தான் பிள்ளை அறிகிறது. இங்கே பிழை அதன் கண்முன்னே விழுகிறது. நுங்குக் காலத்தில் கோம்பை சில்லாகிறது. அச்சு நடுவே செல்லாவிடின் வண்டில் நொண்டும். வைகாசியில் தென்பகுதிச் சிறுவர் மூங்கிலால் வெசாக் கூடு கட்டுகின்றனர். இவற்றுள் எதுவும் எந்தக் குலத்தின் தொழிலும் அன்று. என் வாதத்தின் உயிர்நிலை இதுவே.

இப்பருவங்கள் யாவற்றையும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை விழுங்கிவிட்டது. பத்து வயது நிரம்புமுன் மாலைநேர வகுப்பு. கைப்பணிக் கண்காட்சியிலோ தாய் செய்த பொருளுக்குப் பிள்ளை பரிசு பெறுகிறது! கத்தி ஆபத்தானது என்கிறார்கள்; கத்தி பிடிக்கப் பழகாத கையே ஆபத்தானது. பின்லாந்து 1866 இலேயே நாட்டுப் பாடசாலைகளிற் கைவேலையைப் பாடமாக்கிற்று.

மாதத்தில் இரு முற்பகல் போதும், புள்ளி வேண்டா. வைத்தியரின் மகளும் கூலித்தொழிலாளியின் மகனும் ஒரே மூங்கிலைப் பிளக்கட்டும். இதற்கு நிதியில்லை என்போர், மாதிரி வினாத்தாள்களுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவை முதலிற் கூறுவாராக.