திரும்பி வருவதும் தவக்குல்தான்

பாவா ஆதம் மலையின் உச்சியை அடையாமலேயே நாம் திரும்பிவிட்ட செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தபோது பலர் புன்னகைத்தனர். "உஸ்தாத் தண்ணீருக்குப் பயந்துவிட்டாராமே" என்று பள்ளிவாசல் ஹவ்ழடியில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் உண்மையான அக்கறையோடு, "அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து இறங்கியிருக்கலாமே" என்றார். முதலாமவரின் கேலி நம்மைத் தொடவில்லை. இரண்டாமவரின் சொல்தான் இதை எழுத வைத்தது. தவக்குலைப் பற்றி அவர் சொன்னது பிழை. அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. மிம்பரில் நின்று அதன் பாதியை மட்டும் பல ஆண்டுகள் சொல்லி வந்தவர்கள் நாமே.

நடந்தது இதுதான். 2,243 மீற்றர் உயரமான அம்மலைக்கு ஹட்டன், நல்லதண்ணி வழியாக ஏறுவோரே மிகுதி. இரத்தினபுரி, பலாபத்தல வழி அதற்கு அடுத்தது. குருவிட்டவிலிருந்து எரத்ன ஊடாகச் செல்லும் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. குரு கங்கையின் பள்ளத்தாக்கில் தொடங்கி, அடர்ந்த காட்டினூடே ஓடைகளைக் கடந்து ஏற வேண்டிய வழி அது. டிசம்பர் மாத உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். அதன் பின் விளக்குகள் அணைந்துவிடும். வழியோரக் கடைகள் மூடப்படும். தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். நாமும் ஆறு மாணவர்களும் கிழக்கிலிருந்து புறப்பட்டுச் சென்றது ஜூலை மாதத்தில். சனநெரிசல் இராது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

எரத்னவில் சிறு கடை வைத்திருந்த சிங்களப் பெரியவர் மலைப்பக்கம் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம் ஐயா, மேலே பெய்கிறது" என்றார். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நன்றி கூறிவிட்டு நடந்தோம்.

யாத்திரைக் காலத்தில் மனிதக் கால்களே வழிகாட்டி. மற்றக் காலத்தில் உதிர்ந்த இலைகள் படிகளை மூடிவிடுகின்றன. மழைநீரும் அதே வழியால் இறங்குவதால், எது பாதை, எது ஓடை என்பது புரியாமல் போகிறது. இருமுறை வழி தவறி, மரக்கிளையில் எவரோ கட்டிச் சென்ற துணித்துண்டைக் கண்டு மீண்டோம். அட்டைகளோ கணக்கில்லை. 1344 ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்த இப்னு பதூதா தம் பயணநூலில் இந்த அட்டைகளைக் குறிப்பிட்டு, மக்கள் அவற்றின் மீது பிழிவதற்கு எலுமிச்சையை ஆயத்தமாக வைத்திருப்பதாகவும் எழுதியுள்ளார். மாணவர்களிடம் அதைச் சொல்லி, பையிலிருந்த தேசிக்காயை எடுத்தபோது எல்லோரும் சிரித்தோம். அந்த நாளில் நாம் சிரித்தது அதுவே கடைசி.

முதல் ஓடை கெண்டைக்காலளவு, தெளிந்த நீர். எளிதாகக் கடந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த அடுத்த ஓடையில் நீர் கலங்கி, சருகுகளை அடித்துக்கொண்டு ஓடியது. நீருக்கடியில் கற்கள் உருளும் ஒலியும் கேட்டது. மலையோடையில் இம்மூன்றும் சேர்ந்துவிட்டால் மேலே பெரும் மழை என்று பொருள். அது நமக்குத் தெரியும். மூவர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அன்றைய அமீர் நாம். ஆயினும் வாய் திறக்கவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் ஒருபுறம்; மாணவர்கள் முன்னே தயங்கக் கூடாது என்ற கௌரவம் மறுபுறம். ஹிப்ழு முடித்த பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் காலை வைத்தார். "மகன், நில்லுங்கள்" என்று நாம் கூவியபோது நீர் அவரைச் சாய்த்துவிட்டிருந்தது. பைவார்களை மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டியிருந்ததால் அவரால் எழ முடியவில்லை. பத்தடி கீழே ஒரு பாறை அவரைத் தடுத்தது. இருவர் கரையில் படுத்துக் கைநீட்டி இழுத்தனர். முழங்கால் கிழிந்தது, ஒரு செருப்புப் போனது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவே.

திரும்பினோம். கெண்டைக்காலளவில் நாம் கடந்த முதல் ஓடை அப்போது தொடையளவு ஓடியது. அதன் கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மலையோடை ஏறும் வேகத்தில் வடியவும் செய்யும். காத்திருக்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும். வானம் மூடியிருந்ததால் கிப்லாவை ஊகித்து, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம்.

அந்தத் தொழுகைதான் இன்றளவும் நம்மை உறுத்துகிறது. பாவத்துக்காக மேற்கொள்ளும் பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் சலுகை இல்லை என்று ஷாபிஈ மத்ஹபில் பாடம் நடத்துகிறோம். மலையேறுவது பாவமன்று. எச்சரிக்கையைக் கேட்டபின், பிறர் பெற்ற பிள்ளைகளை ஆறு பேர் கூட்டிக்கொண்டு, அறிந்தே ஆபத்துக்குள் நடப்பது? இதை ஃபத்வாவாக எவரும் கொள்ள வேண்டாம். நம்மை நாமே கேட்டுக்கொண்டது. ஆனால் ஹஜ்ஜின் சட்டங்களைப் படித்த எவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். வழியில் பாதுகாப்பு இருந்தால்தான் அதற்குரிய சக்தி பெற்றவராக ஒருவர் கருதப்படுவார். இஸ்லாத்தின் ஒரு கடமைக்கே அந்நிலை என்றால், காட்சி காணப் போகும் மலைக்கு என்ன நிலை? ஆதம் (அலை) அவர்கள் இறக்கப்பட்ட இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அம்மலையில் உள்ள பாதச்சுவடு பற்றிய விவாதத்துக்குள் நாம் இங்கு புகவில்லை. அதை ஏற்போருக்கும் மறுப்போருக்கும் ஓடை ஒன்றே.

தவக்குல் என்றதும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியை எல்லோரும் சொல்வர். நமது இளைஞர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது உமர் (ரழி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் எடுத்த முடிவு. ஷாம் நோக்கிச் சென்ற கலீஃபா, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து தோழர்களிடம் கலந்தாலோசித்தார்கள். முன்செல்வோம் என்றும் திரும்புவோம் என்றும் கருத்துகள் பிரிந்தன. குறைஷிப் பெரியவர்கள் திரும்பவே சொன்னார்கள்; திரும்புவதென்று முடிவாயிற்று. அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின் பாலே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) மறுமொழி தந்தார்கள். ஹவ்ழடியில் நம்மிடம் கேட்கப்பட்டதும் ஏறத்தாழ அபூ உபைதாவின் கேள்வியே. அப்போது நமக்கு இந்தப் பதில் நினைவுக்கு வரவில்லை, வெட்கம் மேலிட்டிருந்தது.

அந்த வெட்கத்தைத்தான் நாம் இளைஞர்களிடமிருந்து அகற்ற வேண்டும். மத்ரசா விடுமுறைகளில் மலைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் போகாத குழு இன்று அரிது. இரத்தினபுரி மாவட்டம் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட பாட்டை நாடே கண்டது. அவ்வாறிருந்தும் புறப்படும்போது துஆ ஓதிக் கொடுக்கும் நாம், முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீரில் இறங்காதே, இறங்கத்தான் வேண்டுமெனில் பைவாரைத் தளர்த்திக்கொள், நீர்வீழ்ச்சிக்கு மேற்புறம் ஒருபோதும் கடக்காதே என்று சொல்லிக் கொடுப்பதில்லை. ஃபிக்ஹு வகுப்பில் பயணத் தொழுகைப் பாடத்தோடு இவற்றையும் இவ்வாண்டு சேர்த்துள்ளோம். சக ஆசிரியர் ஒருவருக்கு அதில் உடன்பாடில்லை. இது சாரணர் வகுப்பா என்று கேட்டார்.

அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் எரத்ன வந்து சேர்ந்தபோது அந்தப் பெரியவர் கடையை மூடாமல் இருந்தார். எதுவும் கேட்கவில்லை. ஏழு பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். செருப்பில்லாத காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய சோடியைக் கொண்டுவந்து வைத்தார். பெப்ரவரியில் மீண்டும் போக வேண்டுமென்று மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். போனால், அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏறலாமா என்று முதலில் அவரிடம் கேட்பதாக உத்தேசம்.