வாய்ப் புற்றுமுன் திட்டுகள்: கண்காணிப்பு மருத்துவரின் விருப்பம் அல்ல

வாயில் தோன்றும் புற்றுமுன் மாற்றங்களுக்கான பொது நெறிமுறை வரைவில், நோயாளியை மறுபடி எப்போது பார்ப்பது என்பது "சிகிச்சையளிப்பவரின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற ஒரே தொடரில் முடிந்துவிட்டது. எங்கள் சங்கம் அதை ஏற்கவில்லை.

2020இல் வெளியான தொகுப்பாய்வின்படி வெண்திட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றும், செந்திட்டுகளில் மூன்றில் ஒன்றும் புற்றாக மாறுகின்றன. வைட்டமின் ஏ போன்ற மருந்துகள் திட்டை ஆற்றினாலும் புற்றைத் தடுப்பதாகச் சான்றில்லை என்றும், அறுவை முறைகள் உரிய ஒப்பீட்டுச் சோதனைக்கே உட்படவில்லை என்றும் 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு கண்டது. அப்படியானால் குறித்த நாளில் வாயைத் திறந்து பார்ப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆனால் நடப்பது என்ன? "வலித்தால் வாங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். வெண்திட்டு பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும்போது பல நேரங்களில் காலம் கடந்திருக்கும். தேதி குறிக்காமல், தொலைபேசி எண் வாங்காமல், பயாப்சி முடிவை விளக்காமல் அனுப்பிவிட்டு, பின்னர் கழுத்துக் கட்டியோடு வருபவரின் ஓ.பி. சீட்டில் "நோயாளி தொடர்ந்து வரவில்லை" என்று எழுதுகிறோம். ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வர வேண்டியவரை யார் கூப்பிட்டார்கள்? அந்த வரியை எழுதக் கை கூச வேண்டும்.

மறுபரிசோதனைக்குக் கால அட்டவணை வகுத்தால் அது மருத்துவரின் முடிவுரிமையைப் பறிக்கும் என்கிறார்கள். ஆனால் டிஸ்பிளேசியா (செல்களில் காணப்படும் புற்றுமுன் மாற்றம்) எந்த நிலையில் இருக்கிறது என்பதில் ஒரே பயாப்சித் துண்டைப் பார்க்கும் இரு நோய்க்கூறியலாளர்களே மாறுபடுவதுண்டு. குறைந்தபட்ச இடைவெளி தேவைப்படுவதே அதனால்தான். முன்னதாக அழைக்க யாருக்கும் தடையில்லை. தாமதித்தால் மட்டும் காரணம் எழுதட்டும். ஆளில்லை என்ற வாதம் ஓரளவு நியாயமே. ஆனால் 1996இல் தொடங்கிய திருவனந்தபுரம் வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வில் வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அங்கேயும் திட்டு கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மருத்துவரிடம் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டால் வந்துவிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 2021 முதல் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போகிறார்கள். திட்டு உள்ளவர்களின் பட்டியலும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

நெறிமுறையில் நாங்கள் கோருவது இவை: காரணத்தை நீக்கிய இரண்டு வாரத்தில் மறையாத திட்டுக்குப் பயாப்சி. டிஸ்பிளேசியா இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை. வராதவருக்கு அந்த வாரமே அழைப்பு. நிதிநிலைக்கேற்பப் படிப்படியாக இவை நடைமுறைக்கு வரலாம் என்பதை ஏற்கிறோம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்பதை நெறிமுறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திட்டு உள்ளவர்களின் பதிவேட்டைப் பராமரிப்பது எந்தத் துறை என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. "விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற தொடர் நீங்காமல் வரைவு இறுதியானால், அதில் சங்கத்தின் பெயரைச் சேர்க்க இசையமாட்டோம்.