கால் குடைச்சலைக் கைவைத்தியத்தோடு விட்டுவிடலாமா?

படுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும் குடைவது போலவும் ஓர் அவஸ்தை. நீட்டினால் மடக்கத் தோன்றும், மடக்கினால் உதறத் தோன்றும். எழுந்து நாலு எட்டு வைத்தால் விட்டுவிடும். படுத்தால் திரும்ப வரும்.

லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதை எழுதி வைத்தார். 1940-களில் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் எக்போம் இதைத் தனி நோயாக விவரித்தார். ஆனாலும் நம் வீடுகளில் இன்றும் இதற்கு ‘வேலை அலுப்பு’ என்றுதான் பெயர்.

துண்டை எடுத்துக் கெண்டைக்காலில் இறுகக் கட்டுவதும், பேரனைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வதும் பழைய வழக்கம். படுக்கும் நிலையை மாற்றுவதும் பலருக்கு உதவுகிறது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கலாம். பாதங்களைச் சுவரில் ஊன்றி அழுத்தலாம். இவற்றை மூடப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது; காலை அசைக்காமல் வைத்திருந்தால்தான் இந்தத் தவிப்பு கூடுகிறது. இந்த நோய்க்கான பரிசோதனை ஒன்றில், மாலையில் நோயாளியைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, காலை நீட்டி ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். நேரம் ஆக ஆகத் தவிப்பு ஏறும். நீண்ட இரவுப் பேருந்துப் பயணம் இவர்களுக்கு ஏன் நரகமாகிறது என்பது இதிலிருந்தே புரியும்.

முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளும் மின்தூண்டல் பட்டை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. படுத்தபடியே கால் தசைகளை இறுகவைத்து அது நிம்மதி தருகிறது. சுவரில் பாதத்தை ஊன்றுகிறவர்கள் தேடுவதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஆனால் இவையெல்லாம் அந்த இரவைக் கடத்தத்தான் உதவும். பலரிடம் காரணம் காலில் இல்லை. மூளைக்குப் போதிய இரும்புச்சத்து கிடைக்காததில் இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலே போதும் என்று நினைப்பது தவறு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், இரும்புச்சத்து கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். பல ஆய்வகங்களின் ‘இயல்பு’ வரம்போ இதைவிட மிகக் கீழேயே தொடங்கிவிடுகிறது. அறிக்கையில் குறை ஏதும் தெரியாது; கால் மட்டும் குடைந்துகொண்டே இருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்தக் குடைச்சல் கூடுதலாக வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் இது வாட்டும். சில அலர்ஜி மாத்திரைகள், வாந்தி மருந்துகள், மனச்சோர்வு மருந்துகளாலும் அதிகமாகலாம். இத்தனை தெரிந்த பிறகும் தைலத்தையோ தூக்க மாத்திரையையோ கொடுத்து அனுப்புவது அநியாயம். பரிசோதிக்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவதும் சரியல்ல. இரும்பு மிகுந்தாலும் கேடுதான்.

ஹீமோகுளோபின் பார்க்கும் வசதி ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. ராத்திரியில் கால் குடைகிறது என்று ஒரு பெண் சொன்னால், தாலுகா மருத்துவமனையிலேயே ஃபெரிட்டினையும் இலவசமாகப் பார்த்துச் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.