ஓசி இன்டர்நெட்டும் ஒதுக்கப்பட்ட பிரவுசர்களும்

"தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. என் அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். இந்தப் பழமொழியை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை. "சும்மா குடுத்தாலும் பல்லைப் பாக்கணும்டா. நாளைக்குத் தீனி போடப் போறது நாமதானே?" என்பார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் சொன்ன இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டைப் பற்றி நாலு வார்த்தை எழுத ஆசைப்படுகிறேன்.

நண்பர்களே! நம் வயதுக்காரர்களுக்கு டயல்-அப் என்றால் நெட்வொர்க் பாடத்தில் வரும் மோடம் படம் மட்டும்தான். ஆனால் அந்தக் காலத்துக் கதை ஒன்று நமக்கு இன்றும் பாடம்.

1998 அக்டோபரில் அமெரிக்காவில் நெட்ஜீரோ என்ற நிறுவனம் மாதக் கட்டணமே இல்லாமல் இணைப்புத் தர ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு இறுதியில் ஜூனோவும் சேர்ந்துகொண்டது. நிபந்தனை என்ன? அவர்கள் கொடுக்கும் மென்பொருளைத்தான் போட வேண்டும். இணைப்பில் இருக்கும் வரை திரையில் ஒரு விளம்பரப் பட்டை நிற்கும், மூட முடியாது. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று கவனித்து அதற்கேற்ற விளம்பரம் வரும். பிரிட்டனில் 1998 செப்டம்பரில் டிக்ஸன்ஸ் கடைக்காரர்கள் தொடங்கிய ஃப்ரீசர்வ் வேறு வழியில் போனது. மாதச் சந்தா கிடையாது. ஆனால் டெலிபோன் மீட்டர் ஓடும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஃப்ரீசர்வுக்கு வரும். அப்பா சொன்ன தீனி இதுதான். ஓரிடத்தில் நம் கண்ணும் பழக்கமும் தீனி, இன்னோரிடத்தில் போன் பில் தீனி.

இப்போது பிரவுசருக்கு வருகிறேன். மோடம் டயல் செய்து, பி.பி.பி. என்ற நெறிமுறையில் இணைப்பு கிடைத்துவிட்டால், அதற்கப்புறம் எந்த பிரவுசரை வேண்டுமானாலும் திறக்கலாம். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தில் பிடிப்பதும் சொம்பில் பிடிப்பதும் நம் இஷ்டம் இல்லையா? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் நெட்ஸ்கேப்பும் பெரிய குடங்கள். ஓப்பராவும் லின்க்ஸும் சொம்புகள்.

அந்தச் சொம்பின் அருமை கணக்குப் போட்டால் தெரியும். 56 கே மோடம் நொடிக்கு அதிகபட்சம் 7 கிலோபைட்தான் தரும். 20 மெகாபைட் உள்ள பிரவுசரை இறக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நார்வேயில் உருவான ஓப்பராவின் மூன்றாம் பதிப்போ ஒரே ஃப்ளாப்பியில் அடங்கியது! படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் பார்க்கும் வசதியும் அதில் இருந்தது. 1992-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லின்க்ஸ் வெறும் எழுத்து மட்டுமே காட்டும். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இணையச் சேவை தொடங்கியபின், மாணவர்கள் மலிவான ஷெல் கணக்கில் இந்த லின்க்ஸை வைத்துத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். பழைய மெஷின் வைத்திருப்பவனுக்கும், கண் தெரியாமல் கணினியை வாசிக்கவிட்டுக் கேட்பவருக்கும் இவைதான் கைகொடுத்தன.

ஆனால் கதவு எங்கே மூடியது தெரியுமா? இரண்டு இடத்தில். முதலாவது, நெட்ஜீரோ போன்ற சேவைகளின் டயல் செய்யும் மென்பொருள் ஆரம்பத்தில் விண்டோஸுக்கு மட்டுமே வந்தது. லினக்ஸ்காரர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இரண்டாவது, இணைப்புக் கிடைத்து உள்ளே போனாலும் "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்" என்று தளங்கள் எழுதி ஒட்டியிருந்தன. 2001 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். தளம் ஓப்பரா முதலிய பிரவுசர்களை உள்ளேயே விடவில்லை. எதிர்ப்பு வந்த பிறகுதான் திறந்தது. 2003-ல் அதே தளம் ஓப்பராவுக்கு மட்டும் கோணல்மாணலாகத் தெரிய, ஓப்பராக்காரர்கள் கேலியாக ஒரு தனிப் பதிப்பே வெளியிட்டார்கள். அதில் எம்.எஸ்.என். தளம் மட்டும் "போர்க் போர்க்" என்று உளறும்!

இதெல்லாம் பழங்கதை என்று சிரிக்க முடியவில்லை. போன வருஷம் உதவித்தொகைக்கு ஒரு தளத்தில் விண்ணப்பிக்கப் போனேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய போன். எல்லா விவரமும் நிரப்பியாச்சு, கடைசிப் பொத்தான் மட்டும் வேலை செய்யல. "வேறு பிரவுசரில் முயலவும்" என்று வந்தது. புது பிரவுசரை ஏற்ற போனில் இடமில்லை. பஸ் ஏறி டவுன் பிரவுசிங் சென்டருக்குப் போய், வரிசையில் நின்று, காசு கொடுத்து அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டயம் வாங்கப் போகிறவன் நான். படிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்பது அந்தத் தொகையில் இருந்தது. அது ஒரு பொத்தானில் தொங்கியது நியாயமா?

"நூற்றுக்கு இரண்டு பேர் வைத்திருக்கும் பிரவுசருக்காக யார் உழைப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இரண்டு பேர் பெரும்பாலும் யார்? பழைய போன்காரர், பார்வை இல்லாதவர், புதுசு வாங்க வழியில்லாதவர். இலவசமும், அரசு உதவியும் முதலில் சேர வேண்டியது அவர்களுக்கல்லவா!

இலவசச் சேவைகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அவற்றால் நெட்டுக்குள் வந்த ஏழைகளும் உண்டு. ஆனால் விளம்பர வருமானம் குறைந்ததும் நெட்ஜீரோ 2001-ல் இலவச நேரத்தை மாதம் 40 மணி என்றும், பிறகு 10 மணி என்றும் சுருக்கியது. கொடுத்தவன் கையில்தான் கயிறு இருந்தது. இங்கேயும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ், தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் இலவசமாகக் காட்ட வந்தது. தளத்துக்குத் தளம் கட்டணம் மாற்றக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் விதி போட்டுத் தடுத்தது. ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் கேள்வி கேட்டதால் வந்த விதி அது.

எனவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, லேப் மெஷின்களில் குரோமோடு ஃபயர்பாக்ஸும் லின்க்ஸும் இருக்கட்டும். இரண்டு, இறுதியாண்டு புராஜெக்டில் தளம் செய்பவர்கள் குறைந்தது இரண்டு பிரவுசரிலும், படங்களை நிறுத்தியும் சோதித்துக் காட்டட்டும். மூன்று, ஜூனியர்கள் யாருக்காவது விண்ணப்பம் திறக்கவில்லை என்றால், லேபில் அவர்களுக்கு ஒரு மெஷின் ஒதுக்கட்டும்.

நாளைக்கு அந்தப் பொத்தானைச் செய்யப் போகிறவர்கள் நாம்தான் நண்பர்களே. எந்தப் பழைய போனிலிருந்து அழுத்தினாலும் அது வேலை செய்யட்டும்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை